மயிற்பொறியும் கைப்பேசிப் பறவையும்: ‘2.0’ திரைப்படத்தை முன்வைத்து

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி வானில் பறப்பது சிறிது பொழுதே. கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்ந்துகொள்ள, கருவுற்றிருந்த விசயை அதிலேறித் தப்புகிறாள். பொறி சென்றிறங்கும் இடம் சுடுகாடு. அங்கே சீவகன் பிறக்கிறான். கற்போர் நெஞ்சில் நிலைத்து நிற்பது அரசியொருத்தி இடுகாட்டிருளில் துணையின்றி மகவீன்ற நிலையே. பொறி அதற்கு வழியமைத்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பெருங்கதை மரபில் வரும் எந்திர யானையின் செயலும் இத்தகையதே. யாழிசையால் யானையை வயப்படுத்த வல்லவன் உதயணன். அவ்வாற்றலின்மீது அவன் கொண்ட நம்பிக்கையே அவனைப் பொய்யானையின் அருகே அழைத்துச் சென்று பகைவர் கையில் சிக்கவைக்கிறது. மாந்தரின் வலிமையையோ நலிவையோ வெளிக்கொணர்ந்து கதையைத் திருப்பிவிடும் கருவியாகவே தமிழ்க் காப்பியப் புலவர்கள் பொறியைக் கையாண்டுள்ளனர்.

2018 நவம்பர் 29 அன்று வெளிவந்த ‘2.0’ திரைப்படத்திலும் ஒரு பொறிப்பறவை உண்டு. எண்ணற்ற கைப்பேசிகள் ஒன்றுகூடி உருவெடுக்கும் அப்பேருருவம் மயிற்பொறியைவிடப் பன்மடங்கு நேரம் வானை நிறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்தியத் திரைத்துறை அதுவரை எட்டியிராத வரைகலை நுட்பம் அதில் வெளிப்பட்டது என்பதை மறுப்பார் இலர். ஆயின், அப்பறவையால் கதை எங்கே திரும்பியது என்று வினவினால் விடை கூறுவது எளிதன்று. படம் வெளியான நாள்களில் வந்த மதிப்புரைகள் பலவும் காட்சியை வியந்து கதையைக் குறைகூறின. அக்கருத்து சரியானதே. எனினும், எட்டாண்டு இடைவெளியில் அதே இயக்குநரும் அதே கதைத்தலைவரும் அதே இசையமைப்பாளரும் கூடி உருவாக்கிய இரண்டாம் பாகம் ஏன் அவ்வாறு மெலிந்தது என்பதற்கு மதிப்புரைகள் காரணம் தேடவில்லை. அதனை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் மாற்றம்

எந்திரம் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. கரும்பு பிழியும் ஆலையைச் சங்கப் பாடல்கள் எந்திரம் என்றே சுட்டுகின்றன. மதுரை மதிலில் அமைந்திருந்த போர்ப்பொறிகளை அடைக்கலக்காதையில் இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகிறார். அச்சொல்லோடு ஆண்பால் விகுதி சேர்த்து ‘எந்திரன்’ எனப் பெயரிட்டபோது, பொருளொன்று ஆளாக மாறும் கதை முழுவதும் அப்பெயருக்குள் அடங்கிவிட்டது. அஃறிணை உயர்திணையாகத் துடிப்பதும், அதற்கு உலகம் இடந்தராமையுமே முதற்படத்தின் கதை. அவ்வகையில் அப்பெயரை ஒரு திறனாய்வு என்றே கொள்ளலாம்.

அப்பெயர் அமைந்ததற்கு இலக்கிய நோக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. தமிழில் பெயர்சூட்டப்படும் படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டில் அறிவித்தது. தொடக்கத்தில் ‘ரோபோ’ என அறியப்பட்ட படம் 2010 அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’ என்னும் பெயரோடு திரைக்கு வந்தது இச்சூழலில்தான். 2017 சூலை முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி பழைய வரிமுறையைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதன்பின் வெளியான இரண்டாம் பாகத்திற்குச் சொல்லே பெயராக அமையவில்லை. எம்மொழியினரும் தம் மொழியிற் படித்துக்கொள்ளத்தக்க ஓர் எண்ணே பெயராயிற்று. மென்பொருளின் மறுபதிப்பைக் குறிக்கும் அவ்வெண், முன்னதன் பிழைகளைக் களைந்து திறனைக் கூட்டியது என்னும் பொருள் தருவது. திறன் கூடியது என்பதில் ஐயமில்லை.

முதற்பாகத்தின் பின்புலம்

தமிழ்த் திரையில் அறிவியல் புனைவு ‘எந்திர’னோடு தொடங்கவில்லை. வேற்றுக்கோள் மாந்தரைக் காட்டிய ‘கலை அரசி’ 1963இலும், ஏவுகணையும் கணிப்பொறியும் இடம்பெற்ற ‘விக்ரம்’ 1986இலும் வெளிவந்தன. வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ 1989இலும் அதன் இரண்டாம் பாகமாகிய ‘அதிசய மனிதன்’ 1990இலும் வந்துள்ளமையால் தொடர்ச்சிப் படம் என்பதும் இவ்வகைமைக்குப் புதிதன்று. எனினும், எந்திரம் எண்ணத் தொடங்கினால் யாது நிகழும் என்னும் வினாவைத் தமிழ் வாசகர் மனத்தில் ஆழ ஊன்றியவர் எழுத்தாளர் சுஜாதாவே. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வின் எந்திர நாயாகிய ஜீனோ அதற்குச் சான்று.

அந்நாவலுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. முதல் நாவலில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சி கவிழ்கிறது. ‘மீண்டும் ஜீனோ’வில் கவிழ்த்தவர்களே ஆட்சியைக் கைப்பற்றிக்கொள்ள, நிலா பெயரளவிலான அரசியாகிறாள். முதற்கதையின் வெற்றி எத்தகைய சிக்கலைப் பெற்றெடுத்தது என்பதிலிருந்து இரண்டாம் கதை தொடங்குகிறது. இது தமிழில் நெடுங்காலமாக உள்ள முறை. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுவது மாந்தர் உறவு பற்றி மட்டுமன்று. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதவி துறந்தாள். அத்துறவின் விளைவை மகள் மணிமேகலை தன் வாழ்வில் எதிர்கொள்கிறாள். மதுரையை எரித்த சினத்தை மீண்டும் ஒருமுறை எரித்துக்காட்டச் சாத்தனார் முனையவில்லை. பசி என்னும் வேறொரு தீயை எடுத்துக்கொண்டு அதனை அவிக்கும் அமுதசுரபியை மகளின் கையில் தந்தார். முன்னதன் முடிவே பின்னதன் வினா ஆகும்போது தொடர்ச்சிக்குக் காரணம் பிறக்கிறது.

‘எந்திரன்’ அத்தகைய நெடிய உழைப்பின் பயன். 2000ஆம் ஆண்டையொட்டிக் கமல்ஹாசனைக் கதைத்தலைவராகக் கொண்டு திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்ட அக்கதை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இயக்குநர் ஷங்கரின் மனத்தில் கிடந்து வளர்ந்தது. உரையாடலில் பங்குகொண்ட சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று மறைந்தார். மதன் கார்க்கி அப்பணியைத் தொடர்ந்தார். கலை இயக்கத்திற்காகச் சாபு சிரிலும் காட்சி நுட்பத்திற்காக வி. சீனிவாச மோகனும் 2010ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றனர். ஆதலின் அப்படமும் காட்சியில் குறைந்ததன்று. ஆயினும் அதன் உயிர் வேறோரிடத்தில் இருந்தது.

எடுத்துக்காட்டாக, தீப்பற்றிய கட்டடத்திலிருந்து மக்களைச் சிட்டி காப்பாற்றும் பகுதியைக் கருதலாம். குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியை அது ஆடையின்றித் தூக்கிவந்து ஊரார்முன்னும் ஒளிப்படக்கருவிகள்முன்னும் நிறுத்துகிறது. அவள் நாணி ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காத்த எந்திரம், உயிரினும் மேலாக மாந்தர் போற்றுவது ஒன்று உண்டு என்பதை அறியாது திகைத்து நிற்கிறது. திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துப் பேசிய மானம் என்னும் கருத்தை, விதிகளால் இயங்கும் எந்திரத்திற்குக் கற்பிப்பது எவ்வாறு? இவ்வினாவிலிருந்தே அதற்கு உணர்வூட்டும் முயற்சி பிறக்கிறது. உணர்விலிருந்து காதல், காதலிலிருந்து பொறாமை, அதிலிருந்து அழிவு. இறுதியில் நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது. 2030ஆம் ஆண்டின் அருங்காட்சியகத்தில், அது ஏன் கழற்றப்பட்டது என வினவும் பள்ளிச் சிறுமிக்குத் தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று அது விடை கூறுவதோடு படம் நிறைவுறுகிறது. இரண்டாம் பகுதியின் சண்டைக்காட்சிகள் அளவிறந்து நீள்கின்றன என்பது உண்மையே. எனினும் அவற்றைக் கடந்து இவ்விடை நிலைபெறுகிறது.

மருட்கை ஒன்றே

‘2.0’ அவ்விடையிலிருந்து தொடங்கியிருக்கலாம். சிந்தித்ததற்காகக் கழற்றப்பட்ட ஒன்றை, தேவை நேர்ந்ததும் மீண்டும் பூட்டுகின்ற மாந்தரின் அறம் எத்தகையது? மீண்டெழுந்த சிட்டி தன்னைக் கழற்றிய உலகை எவ்வாறு நோக்கும்? படத்தில் வசீகரன் சிட்டியை மீட்டெழுப்ப இசைவு கோரும்போது எழும் தடை, அது ஆபத்தானது என்பது மட்டுமே. அதன் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை. அதுவும் எதையும் நினைவுகூர்வதில்லை. சிட்டியின் துயர் அனைத்திற்கும் காரணமாகிய சனா தொலைபேசிக் குரலாகச் சுருங்கிவிட்டாள். அவளிடத்தில் நிலா என்னும் எந்திரப்பெண் வருகிறாள். சுஜாதாவின் நாவலை அறிந்த வாசகர் செவியில் அப்பெயர் தட்டுப்படாமல் இராது. ஆனால் நாவலின் நிலா அரசை எதிர்த்து நின்றவள். படத்தின் நிலா ஏவல் கேட்பவள்.

சிவப்புச் சில்லுக்கு நேர்ந்த மாற்றம் இவற்றினும் கருதத்தக்கது. ‘எந்திர’னில் போராவின் கைபட்டுச் சிட்டிக்குள் செருகப்படும் அச்சில்லு தீமையின் வித்து. அதனை நீக்கியபின்னரே சிட்டி தன்னிலைக்கு மீள்கிறது. இரண்டாம் பாகத்தில் சிட்டி அழிக்கப்பட்டதும் நிலா அதே சில்லைப் பொருத்தி அதனை உயிர்ப்பிக்கிறாள். அரங்கில் ஆரவாரம் எழுவது அவ்விடத்தில்தான். முதற்படம் நஞ்சென்று காட்டியது இரண்டாம் படத்தில் மருந்தாகிறது. நஞ்சு மருந்தானது எவ்வாறு என்பதற்கு ஓர் உரையாடலேனும் செலவிடப்பட்டிருப்பின், அதுவே கதையாகியிருக்கும்.

கதைக்கு விடப்பட்ட இவ்வெற்றிடத்தைக் காட்சி நிரப்புகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கை பிறக்கும் களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கினைக் கூறும். ‘2.0’ இந்நான்கினையும் ஒன்றுவிடாமல் பயன்கொண்டுள்ளமை வியப்புக்குரியது. கையிலிருந்த கைப்பேசி திடுமென மேலெழுந்து பறந்துபோவது புதுமை. வானை மறைக்கும் பறவை பெருமை. புறாவின்மீது ஊர்ந்துவரும் ‘குட்டி’ என்னும் நுண்ணெந்திரங்கள் சிறுமை. ஒன்று திரிந்து பிறிதொன்றாதலை ஆக்கம் என்பர் உரைகாரர். பறவை மனிதனாகவும் மனிதன் பறவையாகவும் மாறுவது அது. படம்பிடித்தபின் மாற்றாமல், தொடக்கத்திலேயே முப்பரிமாணக் கருவிகளால் எடுக்கப்பட்ட நீரவ் ஷாவின் ஒளிப்பதிவும், ரசூல் பூக்குட்டியின் ஒலியமைப்பும் மருட்கைக்கு வலுவூட்டுகின்றன. சாலையில் ஆறுபோல் ஊர்ந்துவரும் கைப்பேசிகளைக் கண்டு மெய்சிலிர்க்காதார் அரியர்.

மருட்கை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றே என்பதுதான் இடர். முதற்படத்தில் நகை சிட்டியின் மடமையிலிருந்தும், அழுகை அதன் இழப்பிலிருந்தும் பிறந்தன. பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிய பெண்ணுக்கு அது துணைநின்று குழந்தையை வெளிக்கொணரும் காட்சி உவகை தந்தது. பிற சுவைகளின் துணையின்றி மருட்கை தனித்து நீண்ட நேரம் நிற்க வல்லதன்று. ஒரு வியப்பை அடுத்து அதனினும் பெரிய வியப்பு, அதனை அடுத்து மற்றொன்று என அது தன்னையே விஞ்சிக்கொண்டு செல்ல வேண்டியதாகிறது.

எழுத்தாளர் இன்மையே இதற்குக் காரணம் எனச் சுஜாதாவின் மறைவைச் சுட்டிக் கூறுவாருண்டு. அக்கூற்றை முழுமையாக ஏற்பதற்கில்லை. ‘2.0’இன் உரையாடலில் பங்குகொண்ட ஜெயமோகன், ‘விசும்பு’ என்னும் அறிவியல் புனைகதைத் தொகுப்பை முன்னரே தந்தவர். குறை எழுதுவோரிடத்தில் இருப்பினும் இல்லாவிடினும், எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் சுருங்கியது கண்கூடு. 2017 தீபாவளிக்கு வெளியாகும் என அறிவிக்கப்பட்ட படம் ஓராண்டுக்கும் மேலாகத் தள்ளிப்போனதற்கு வரைகலைப் பணிகள் நிறைவுறாமையே காரணமாகக் கூறப்பட்டது. வரைகலைக்காகக் காத்திருக்க இயன்ற ஒரு முயற்சி, கதைக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. மாறாக, 2015இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம். அதன் காலப்பொறி பார்வைக்கு எளியது. ஆனால் சாகவேண்டிய கொடியவன் ஒருவன் அப்பொறியின் குறுக்கீட்டால் பிழைத்துவிட, மாந்தரின் வாழ்வு முழுவதும் நிலைகுலைகிறது. அது மயிற்பொறி வழிவந்தது.

பட்சிராஜன்

‘2.0’இல் கதை முற்றிலும் இல்லை என்றும் கூறவியலாது. அது எதிர்த்தலைவனிடம் தங்கிவிட்டது. அக்‌ஷய்குமார் ஏற்ற பட்சிராஜன் பறவையியல் அறிஞர், முதியவர். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதாக நம்பி, அமைச்சர் முதல் பொதுமக்கள் வரை அனைவரிடமும் முறையிட்டு, எவரும் செவிசாய்க்காத நிலையில் கோபுரமொன்றிலேயே தூக்கிட்டு இறக்கிறார். வெகுளி பிறக்கும் களன்களுள் குடிகோளையும் கொலையையும் தொல்காப்பியர் எண்ணுவர். தம் குடியெனக் கொண்ட பறவைகள் அழிவது கண்டு எழும் இவரது வெகுளி அவ்விலக்கணத்திற்குப் பொருந்தும். படத்தில் நெஞ்சைத் தொடும் பகுதி இவரது முன்கதை ஒன்றே என்பதைக் குறைகூறியவர்களும் ஒப்புக்கொண்டனர்.

ஆயின் இறந்தபின் அவர் மீள்வது ‘ஆரா’ என்னும் ஆற்றலாக. இறந்த பறவைகளின் ஆற்றலும் அவரது ஆற்றலும் கூடிப் பேருருக் கொள்கின்றனவாம். அறிவியற் சொற்களை நீக்கிப் பார்ப்பின் இது பேய்க்கதை. பழையனூர் நீலி முதலாக, கொலையுண்டோரும் மானத்தால் உயிர்நீத்தோரும் சினங்கொண்டு மீளும் கதைகள் தமிழில் ஏராளம். பேய்க்கதை இழிந்ததன்று, அதற்கென ஓர் அறம் உண்டு. நாட்டார் மரபில் அநீதியால் மாண்டோர் தெய்வமாகின்றனர், ஊர் தன் தவற்றை ஏற்றுக் கோயிலெடுத்துப் படையலிடுகிறது, வழக்குத் தீர்கிறது. அறிவியல் புனைவுக்கோ வேறோர் அறம்: கருதுகோளை ஆராய்ந்து அதன் விளைவைத் தொடர்வது. ‘2.0’ பேயின் வழக்கையும் தீர்க்கவில்லை, கருதுகோளையும் ஆராயவில்லை.

கருதுகோள் ஆராயத்தக்கதாகவே இருந்தது. கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் நேரக்கூடிய விளைவுகளை ஆராய நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010ஆம் ஆண்டில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. பட வெளியீட்டை ஒட்டி, கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் கூட்டமைப்பு அறிவியலுக்குப் புறம்பான கருத்தைப் படம் பரப்புவதாகத் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாடளவில் ஏறத்தாழ நிலையாக உள்ளதென்றும், பெருநகரங்களில் குறைந்துள்ளதென்றும், அதற்குக் கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. அதே அறிக்கை கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகள் முதலிய பல பறவையினங்கள் பெரிதும் குறைந்துவருவதைச் சுட்டியது. பறவைகள் அழிகின்றன என்னும் பட்சிராஜனின் துயர் மெய். அவர் கூறிய காரணம் நிறுவப்படாதது. மெய்யான துயரும் நிறுவப்படாத காரணமும் ஒருவனிடம் கூடுமாயின் அவனிடம் எவ்வாறு பேசுவது? அறிவியலாளனாகிய வசீகரன் அவர்முன் வைத்திருக்க வேண்டிய வாதம் இதுவே. இரு அறிஞர்கள் நேர்நிற்கும் வாய்ப்பு அமைந்தும், வாதம் நிகழாமல் போர் நிகழ்கிறது.

அப்போர் முடியும் முறையிலேயே படத்தின் மெலிவு முழுமையாக வெளிப்படுகிறது. விளையாட்டரங்கில் நிகழும் இறுதிப் போரில், வசீகரனின் உடலுட் புகுந்து நிற்கும் பட்சிராஜனை வெளியேற்ற வழி தெரியவில்லை. அப்போது நுண்ணெந்திரங்கள் புறாக்களின்மீது அமர்ந்து வருகின்றன. பணியாவிடில் அப்புறாக்களைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகின்றன. பறவைகளைக் காக்கும் பொருட்டே உயிர்விட்டவர், பறவைகளைக் காக்கும் பொருட்டே அவ்வுடலை நீங்குகிறார், வீழ்கிறார். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து துலையேறிய சோழனின் கதையைச் சங்கப் பாடல்களும் சிலப்பதிகாரமும் போற்றும் மொழியில், புறாவைப் பிணையாக வைத்துப் பெற்ற வெற்றி இது. பொறி கதையைத் திருப்பும் இடம் இப்படத்தில் உண்டெனில் இஃதொன்றே. எந்திரம் என்ன செய்ய வல்லது, எதனைச் செய்யக் கூசாதது என்னும் முதற்படத்தின் வினா இங்கே தானாகவே வந்து நிற்கிறது. ‘குட்டி’களின் குறும்புப் பேச்சில் அரங்கு சிரித்துக்கொண்டிருப்பதால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. பின்னர் வசீகரன் பட்சிராஜனின் நோக்கம் நல்லது எனப் பரிந்து பேசுகிறார். கதிர்வீச்சைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார். புறாக்களைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை.